ஹாம்டன் ஏழைக் குடியானவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரிகளின் வரலாறு குறித்து வெளிவந்த கட்டுரையில், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் ஹாம்டனுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆனால் அந்தப் பத்தி, இருபது ஷில்லிங் வரி கட்ட வழியில்லாத ஏழைக் குடியானவர் என்று அவரை அறிமுகப்படுத்துகிறது. அரசன்மீது வழக்குத் தொடுத்து வென்றவர் என்கிறது. முடியாட்சியை ஒழிக்கப் புறப்பட்டவர் என்றும் முடிக்கிறது. இம்மூன்றும் பிழை. சிறு தகவல் பிழைகள் என்று இவற்றை விட்டுவிடவும் முடியவில்லை. அவர் செல்வராக இருந்ததும், வழக்கில் தோற்றதும்தான் அந்த வரலாற்றின் உயிர்நாடி என்று நான் கருதுவதால், சற்று நீண்ட இந்தக் கடிதத்தை எழுத நேர்ந்தது.

ஹாம்டன் 1595-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரின் சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக்காடுகளுக்கு நடுவே அமைந்த கிரேட் ஹாம்டன் என்னும் சிற்றூர்தான் அவருடைய பூர்விகம். குடும்பத்தின் பெயரும் அந்த ஊரின் பெயரே. 1597-இல் தந்தை வில்லியம் இறந்துவிட, நடை பழகும் வயதிலேயே பல ஊர்களில் பரவிக் கிடந்த நிலபுலன்களுக்கு அவர் உரிமையாளரானார். தாய் எலிசபெத், ஹின்சிங்புரூக் மாளிகையின் சர் ஹென்றி குரோம்வெல்லின் மகள். அந்த வகையில், பிற்காலத்தில் இங்கிலாந்தையே ஆண்ட ஆலிவர் குரோம்வெல் ஹாம்டனுக்குத் தாய்மாமன் மகன். தேம் என்னும் சிறு நகரத்துப் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரிக்குப் போய், பிறகு லண்டனில் இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்றார். வக்கீல் தொழில் செய்து பிழைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நிலத்தையும் வாரிசுரிமையையும் காத்துக்கொள்ள ஓரளவு சட்ட அறிவு வேண்டும் என்பதற்காக அக்காலத்து நிலக்கிழார்கள் தம் பிள்ளைகளை அங்கே அனுப்புவது வழக்கம். தம் மகன் பிரபுப் பட்டம் பெற்று மேலவைக்குப் போக வேண்டும் என்ற ஆசை தாய்க்கு இருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில் பணம் கொடுத்தால் அத்தகைய பட்டங்கள் கிடைத்தன. ஹாம்டனிடம் பணமும் இருந்தது. அவர் அதை நாடவில்லை. பட்டம் எதுவுமில்லாத நிலக்கிழாராகவே வாழ்ந்து இறந்தார்.

இத்தகைய ஒருவர் வரி கொடுக்க மறுத்தால் அரசனுக்கு என்ன நேரும் என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய இங்கிலாந்து எப்படி ஆளப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விட்டார். அன்றைய ஆங்கிலேய அரசனிடம் நிலையான படை இல்லை. மாவட்டந்தோறும் சம்பளம் வாங்கும் ஆட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்ற ஏற்பாடும் இல்லை. நம் மாவட்டத்தைப் போன்ற பிரிவான ஒவ்வொரு கவுண்டியிலும் அமைதி நீதிபதிகளாக அமர்ந்து திருட்டையும் அடிதடியையும் விசாரித்தவர்கள், ஏழைகளுக்கான நிதியைத் திரட்டிப் பங்கிட்டவர்கள், பாலங்களைப் பழுது பார்க்க ஆணையிட்டவர்கள், உள்ளூர்ப் படைக்கு ஆள் சேர்த்தவர்கள், வரி மதிப்பிட்டவர்கள் எல்லாரும் அந்தந்தப் பகுதியின் நிலக்கிழார்களே. இந்த வேலைக்கு ஊதியம் கிடையாது. கிடைத்தது ஊரில் மதிப்பும் செல்வாக்கும். அரசனின் ஆணை லண்டனில் எழுதப்பட்டாலும், அது கிராமத்துக் கதவைத் தட்டுவது நிலக்கிழாரின் கையால்தான். ஏழைக் குடியானவர் மறுத்தால் அவருடைய மாட்டை ஓட்டிச் செல்லலாம். மாட்டை ஓட்டிவர ஆணையிட வேண்டியவரே மறுத்தால் ஓட்டுவது யார்? ஹாம்டனின் மறுப்புக்கு அரசவை அஞ்சியதன் காரணம் இதுதான்.

அவர் 1621-இல் கார்ன்வாலின் கிராம்பவுண்ட் தொகுதியிலிருந்து முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றார். தம் வீட்டுக்கு அருகிலிருந்த வெண்டோவர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினரை அனுப்பாமல் உரிமை மங்கிக் கிடந்த ஊர். பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து அவ்வுரிமையை மீட்ட முயற்சியில் அவருக்கும் பங்குண்டு. 1624-இல் அது கைகூடியபின் அவ்வூரின் உறுப்பினராகவே தொடர்ந்து சபைக்குச் சென்றார். பழைய ஏட்டைக் காட்டிப் புதிய வாதத்தை நிலைநாட்டும் அந்தப் பழக்கம் அப்போதே அவரிடம் தெரிகிறது.

முதலாம் சார்லஸ் 1625-இல் அரியணை ஏறியதும் அரசனுக்கும் சபைக்கும் பணத்தைப் பற்றிய பூசல் முற்றியது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி, கடன் என்ற பெயரில் செல்வர்களிடம் கட்டாயமாகப் பணம் கேட்டார் அரசர். 1627-இல் ஹாம்டன் அதைத் தர மறுத்துச் சிறைப்பட்டார். கடன் கொடுப்பதில் தமக்குத் தயக்கம் இல்லை, ஆனால் அரசனின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த பழைய சாசனமான மாக்னா கார்ட்டாவை மீறுவோர்மீது ஆண்டுக்கு இருமுறை வாசிக்கப்பட வேண்டிய சாபத்துக்கு ஆளாக அஞ்சுகிறேன் என்று அவர் விடை சொன்னதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு அவர் விடுதலை பெற்றார். 1628-இன் நாடாளுமன்றம், தன் ஒப்புதலின்றி வரியோ கடனோ கேட்கலாகாது என்பதை உரிமை மனுவாக எழுதி அரசரின் இசைவையும் பெற்றது. அந்த இசைவு நீடிக்கவில்லை. 1629 மார்ச்சில் சபை கொந்தளித்தது. சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்து போய்விடாதபடி உறுப்பினர்கள் அவரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். அதன்பின் பதினோரு ஆண்டுகள் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை.

அந்த நாளின் தலைவரான கார்ன்வால் நிலக்கிழார் சர் ஜான் எலியட் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஹாம்டனின் இயல்பை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது, சிறையிலிருந்த எலியட்டுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து என்பேன். அவற்றில் அரசியல் முழக்கம் எதுவும் இல்லை. நண்பரின் பிள்ளைகள் விடுமுறையில் தம் வீட்டில் தங்கியதைப் பற்றி எழுதுகிறார். எந்தப் பையனைப் பல்கலைக்கழகத்தில் வைப்பது, எவனைக் கடல் கடந்து நெதர்லாந்துப் போர்முனைக்கு அனுப்பிப் படைத்தொழில் பழக்குவது என்று பொறுப்போடு ஆலோசனை சொல்கிறார். எலியட் சிறையில் எழுதிய நூலின் படியைப் படித்துவிட்டு, வாதத்தின் நீளத்தை நோகாத சொற்களில் சுட்டுகிறார். ஒருமுறை தம் பண்ணைக் காட்டிலிருந்து ஒரு கலைமானைப் பரிசாக அனுப்பி, அது பிறந்த மண்ணின் அளவுக்கு ஏற்பச் சிறியதாகத்தான் இருக்கும் என்று எழுதுகிறார். எலியட் 1632 நவம்பரில் சிறையிலேயே காசநோயால் இறந்தார். உடலைக் கார்ன்வாலுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேட்ட மகனின் மனுவின் அடியில், எந்தத் திருச்சபைப் பங்கின் எல்லைக்குள் இறந்தாரோ அந்தப் பங்கின் கோயிலிலேயே புதைக்கப்படட்டும் என்று சார்லஸ் எழுதினார். சார்லஸ் கொடியவர் அல்லர், கலையறிந்தவர், குடும்பத்தில் அன்பு கொண்டவர் என்றெல்லாம் பரிந்து பேசுவோரை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதிய கை அவருடையதுதான்.

இனி கப்பல் வரிக்கு வருகிறேன். போர்க்காலத்தில் கடலோர ஊர்கள் அரசனுக்குக் கப்பல் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான பணம் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். 1634-இல் சார்லஸ் இதைத் தூசு தட்டி எடுத்தார். அந்த ஆண்டு கடலோரத்தோடு நின்றது. 1635 ஆகஸ்டில் வெளியான ஆணை நாடு முழுவதற்கும் நீண்டது. கடலையே காணாத பக்கிங்ஹாம்ஷயர், 450 டன் கப்பல் ஒன்றை ஆட்களோடும் தளவாடங்களோடும் போர்ட்ஸ்மத்தில் நிறுத்த வேண்டும், அல்லது 4,500 பவுண்டு தர வேண்டும் என்றாயிற்று. இத்தொகையைத் திரட்டும் பொறுப்பு கவுண்டியின் ஷெரீஃப்புக்கு. அவரும் ஆண்டுக்கொருமுறை நியமிக்கப்படும் உள்ளூர் நிலக்கிழார்தான். வசூல் குறைந்தால் அவர் சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அப்போது அந்தப் பொறுப்பில் மாட்டிக்கொண்ட ஸ்டோவ் ஊரின் சர் பீட்டர் டெம்பிள், தம் வாழ்வு முழுவதும் உழைப்பாகவே கழிகிறது, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைக்கும் நேரமில்லை என்று தாய்க்கு எழுதிய புலம்பல் கடிதம் எஞ்சியிருக்கிறது. அரசாங்கம் எந்தத் தோள்களின்மேல் நின்றது என்பதை எந்த வரலாற்று நூலையும்விட அக்கடிதம் தெளிவாகக் காட்டும்.

1636-இன் தொடக்கத்தில் கிரேட் கிம்பிள் என்னும் கிராமத்தின் கோயிலில் வரி மதிப்பீட்டாளர்கள் கூடி, பணம் தர மறுத்தோரின் பட்டியலை எழுதி ஷெரீஃப்புக்கு அனுப்பினார்கள். பட்டியலின் தலையில் ஹாம்டனின் பெயர். அவர்மீது அங்கே விதிக்கப்பட்ட தொகை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அவருக்குக் கீழே சிறு நிலக்காரர்களின் பெயர்கள், சில ஷில்லிங்குகளும் பென்ஸ்களுமாக வரிசையாக நிற்கின்றன. பட்டியலைத் தயாரித்த மதிப்பீட்டாளர்களும், வசூலிக்க வேண்டிய கான்ஸ்டபிள்களும் தங்கள் பெயர்களையே மறுத்தோர் வரிசையில் எழுதியிருந்தார்கள் என்பதுதான் விசேஷம். கட்டுரையாளர் தேடிய ஏழைக் குடியானவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் மட்டும் ஏழையல்லர்.

வழக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, ஸ்டோக் மாண்டெவில்லில் அவருக்கிருந்த நிலத்தின்மீது விதிக்கப்பட்ட இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. விவசாயக் கூலி ஒருவருக்கு அது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பாத்தியம். ஹாம்டனுக்கு ஒரு பொருட்டே அல்ல. தொகை சிறிதாக இருந்தது இரு தரப்புக்குமே வசதியாயிற்று. பணத்துக்காக மறுக்கிறார் என்று எவரும் சொல்ல முடியாது. விவாதம் சட்டத்தை மட்டும் சுற்றி நடக்கும். வழக்கைத் தொடுத்தவரும் ஹாம்டன் அல்லர். பணம் தராததற்குக் காரணம் சொல்லும்படி அரசுத் தரப்புதான் அவரை அழைத்தது. அதற்கு முன்பே, 1637 பிப்ரவரியில், நாட்டுக்கு ஆபத்து நேரும்போது இவ்வாறு கேட்கலாமா, ஆபத்து உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அரசர்தானா என்று பன்னிரண்டு நீதிபதிகளிடமும் கேட்டு, ஆம் என்ற விடையை ஒப்பமிட்டு வாங்கி ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார் சார்லஸ். தீர்ப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நடத்திய வழக்கு இது.

1637 நவம்பரில் எக்ஸ்செக்கர் சேம்பர் என்னும் நீதிமன்றத்தில் பன்னிரண்டு நீதிபதிகளுக்கு முன் விசாரணை தொடங்கியது. ஹாம்டனுக்காக ஆலிவர் செயின்ட் ஜானும் ராபர்ட் ஹோல்போர்னும் வாதிட்டார்கள். செயின்ட் ஜானின் வாதம் இன்று படிக்கும்போதும் அழகாக இருக்கிறது. நாட்டைக் காப்பது அரசனின் கடமை என்பதை அவர் மறுக்கவில்லை; பகைவன் கரையில் இறங்கிவிட்டால் யாருடைய பொருளையும் எவரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். பிறகு ஆணையில் இருந்த தேதிகளைக் காட்டினார். ஆணை பிறந்தது ஆகஸ்ட் 4. கப்பல் துறைமுகத்துக்கு வர வேண்டிய நாள் மறு ஆண்டு மார்ச் 1. இடையில் ஏழு மாதம் இருக்கிறது. நாடாளுமன்றத்தைக் கூட்ட நாற்பது நாள் போதும். ஏழு மாதம் காத்திருக்கக்கூடிய ஆபத்து, நாற்பது நாள் காத்திருக்க முடியாத ஆபத்தாக எப்படி ஆகும்? அரசனின் அதிகாரத்தைத் தொடாமலேயே அதன் அடியிலிருந்த சாக்கை உருவிவிட்ட வாதம் அது.

நீதிபதிகள் அவசரப்படவில்லை. 1638-இன் முற்பாதி முழுவதும், நீதிமன்றம் கூடும் பருவத்துக்குச் சிலராகத் தத்தம் கருத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். சர் ராபர்ட் பெர்க்லி, சட்டம் அரசனாகும் என்று தாம் கேள்விப்பட்டதில்லை, அரசனே சட்டம் என்பதுதான் உண்மை என்றார். சபாநாயகராக நாற்காலியில் அழுத்திப் பிடிக்கப்பட்ட அதே ஃபின்ச், இப்போது தலைமை நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்து, நாட்டைக் காக்கும் அரசனின் அதிகாரத்தைப் பறிக்கும் எந்த நாடாளுமன்றச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். எதிர்ப்பக்கத்தில், வயது முதிர்ந்த குரோக்கும் ஹட்டனும் இந்த வரி சட்டத்துக்கு முரணானது என்று நேருக்கு நேர் சொன்னார்கள். இவ்விருவரும்கூட முன்பு அரசர் கேட்ட விடையில், பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு ஒப்பமிட்டவர்கள்தாம். குரோக் தயங்கியபோது, தம்மையோ குடும்பத்தையோ நினைத்து மனச்சாட்சிக்கு எதிராகப் பேச வேண்டாம், எந்த இழப்பையும் தாங்கிக்கொள்வேன் என்று அவர் மனைவி சொன்னதாக அக்காலத்தவரான வைட்லாக் எழுதி வைத்திருக்கிறார். டென்ஹாம், பிராம்ஸ்டன், டேவன்போர்ட் ஆகிய மூவரும் ஹாம்டன் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களில் பிந்தைய இருவர் சார்ந்து நின்றது நடைமுறைக் காரணங்களையே. 1638 ஜூனில் கணக்கு முடிந்தது. அரசருக்கு ஏழு, ஹாம்டனுக்கு ஐந்து. அவர் தோற்றார்.

தோற்றதால் விளைந்ததைத்தான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். அரசர் வாங்கியிருந்த ஒருமனதான விடை, வெளிப்படையான வாதத்துக்குப்பின் ஏழுக்கு ஐந்தாகச் சுருங்கியதை நாடு பார்த்துவிட்டது. அதைவிட, வென்ற நீதிபதிகளின் காரணங்கள் தோற்றவரின் வாதத்தைவிட மக்களை அதிகம் அச்சுறுத்தின. ஆபத்து என்று அரசர் சொன்னால் போதும், எவர் சொத்தையும் எடுக்கலாம் என்றால் நாளை எதற்குத்தான் எல்லை? பிற்காலத்தில் அரசர் பக்கம் நின்று ஹாம்டனைக் கடுமையாகக் கண்டித்த கிளாரெண்டனே, இந்தத் தீர்ப்பு அரசரின் பணிக்கு உதவியதைவிடத் தண்டிக்கப்பட்ட கனவானுக்கே அதிகப் பயனும் புகழும் தந்தது என்று எழுதினார். 1635-இன் ஆணைக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு கேட்கப்பட்டு, அதில் மிகப் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. 1639-இன் ஆணைக்குக் கேட்டதில் கால் பங்குகூடத் தேறவில்லை. ஸ்காட்லாந்துடன் மூண்ட போரின் செலவும் குழப்பமும் இதற்கு ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஷெரீஃப்புகள் கைவிரித்ததும், கான்ஸ்டபிள்கள் காணாமல் போனதும், கைப்பற்றிய மாட்டை ஏலத்தில் எடுக்க ஆளில்லாமல் போனதும் ஸ்காட்லாந்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. பணம் இல்லாத அரசர் 1640-இல் நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. 1641-இல் நிறைவேறிய சட்டம் கப்பல் வரியைச் சட்ட விரோதம் என்று அறிவித்து, ஹாம்டனுக்கு எதிரான தீர்ப்பையும் ரத்து செய்தது.

அந்த நாடாளுமன்றத்தில் அவர் பக்கிங்ஹாம்ஷயரின் உறுப்பினர். எல்லாருடைய கண்களும் அவர்மீதே பதிந்திருந்தன என்கிறார் கிளாரெண்டன். ஆனால் அவர் அடுக்குமொழிப் பேச்சாளர் அல்லர். விவாதத்தைத் தொடங்கிவைக்க மாட்டார்; எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, சபையின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணித்தபின் எழுந்து, சுருக்கமாகவும் தெளிவாகவும் சாமர்த்தியமாகவும் பொருளை எடுத்து வைத்துத் தமக்கு வேண்டிய முடிவுக்குக் கொண்டுபோவார்; அது முடியாது என்று தெரிந்தால் விவாதத்தையே வேறொரு நாளுக்குத் தள்ளிவிடுவார். இதை எழுதியவர் எதிரி என்பதால் இந்தச் சித்திரத்தை நான் நம்புகிறேன். 1641 நவம்பரில், அரசரின் குறைகளை அடுக்கிய மாபெரும் முறையீடு நள்ளிரவுக்குப்பின் 159-க்கு 148 என்ற கணக்கில் நிறைவேறியபோது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உறுப்பினர்கள் வாளுறையில் கை வைத்துவிட்டார்கள். ஹாம்டனின் நிதானமும் சிறிய பேச்சும் தடுத்திராவிட்டால் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திழுத்து, வயிற்றில் வாளைப் பாய்ச்சியிருப்போம் என்று அங்கிருந்த அரச ஆதரவாளர் பிலிப் வார்விக் எழுதினார்.

1642 ஜனவரி 4 அன்று, பிம், ஹாம்டன், ஹோலிஸ், ஹேசில்ரிக், ஸ்ட்ரோட் ஆகிய ஐவரைக் கைது செய்யச் சார்லஸ் ஆயுதம் தாங்கியவர்களுடன் காமன்ஸ் சபைக்கு வந்த கதை பலரும் அறிந்தது. ஐவரும் முன்பே தேம்ஸ் நதி வழியாகத் தப்பியிருந்தனர். பல நூல்கள் சொல்லாமல் விடுவது அடுத்த வாரம் நடந்ததை: பக்கிங்ஹாம்ஷயரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தங்கள் உறுப்பினருக்கு ஆதரவாக மனுவுடன் லண்டனுக்குத் திரண்டு வந்தார்கள். கிரேட் கிம்பிளின் பட்டியல் ஆறு ஆண்டுகளில் இந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

முடியாட்சியை ஒழிக்கப் புறப்பட்டவர் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. 1641-இல் அரசருக்கும் சபைத் தலைவர்களுக்கும் உடன்பாடு ஏற்படும் என்ற நம்பிக்கை இருந்த நாட்களில், இளவரசருக்கு ஆசானாக ஹாம்டன் நியமிக்கப்படலாம் என்ற பேச்சும் அடிபட்டது. சார்லஸின் தலை வீழ்ந்தது 1649 ஜனவரியில். ஹாம்டன் அதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பது பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு, வரலாற்றுக்கு அல்ல.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1642-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது அவர் தம் கவுண்டியில் பச்சைச் சட்டைப் படையணி ஒன்றைத் திரட்டினார். உங்கள் படையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேய்ந்துபோன பணியாட்களும் மதுக்கடை ஆட்களும், இவர்களைக் கொண்டு கனவான்களின் பிள்ளைகளை எதிர்க்க முடியாது என்று தாய்மாமன் மகன் குரோம்வெல் சொன்னபோது, நல்ல கருத்துதான், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஹாம்டன் பதில் சொன்னாராம். பல ஆண்டுகளுக்குப்பின் குரோம்வெல்லே சொன்ன செய்தி இது. 1643 ஜூன் 18 அன்று சால்குரோவ் வயல்வெளியில் அரசர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படையுடன் நடந்த மோதலில் தோளில் காயம்பட்டு, தாம் படித்த தேம் நகரத்துக்கே கொண்டுவரப்பட்டு, ஜூன் 24-இல் இறந்தார். எதிரியின் குண்டு என்போரும், அவருடைய கைத்துப்பாக்கியே வெடித்துச் சிதறியது என்போரும் இன்றும் உண்டு. 1828-இல் நுஜென்ட் பிரபு இதைத் தீர்த்துவைக்க எண்ணி கிரேட் ஹாம்டன் கோயிலில் ஒரு கல்லறையைத் தோண்டிப் பார்த்தார். தோண்டியது ஹாம்டனின் உடல்தானா என்ற ஐயம் கூடியதே மிச்சம். இறக்கும் தறுவாயில் நாட்டுக்காகப் பிரார்த்தித்தார் என்று கட்டுரை மேற்கோள் காட்டும் சொற்கள், பிற்காலத்தில் ஒட்டப்பட்டவை என்று ஐயுற வலுவான இடமுண்டு. அவரே எழுதியது என்று நம்பத்தக்கது, அதே கோயிலில் 1634-இல் மறைந்த முதல் மனைவி எலிசபெத்தின் நினைவுக் கல்லில் உள்ள வாசகம்.

அவரை உயர்த்திப் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. ஹாம்டன் காத்தது சொத்துள்ளவரின் உரிமை. கவுண்டித் தேர்தலில் ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவருக்கே வாக்கு. நிலமற்ற உழவருக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் என்பது தம்முடைய ஒப்புதல் அல்ல. அது போகட்டும். போர்ச் செலவுக்காக 1643-இல் நாடாளுமன்றம் விதித்த வாராந்தர வரி, கப்பல் வரியைப் போலவே கவுண்டிக்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டது. சுமையோ அதைவிடப் பல மடங்கு. கூடவே பீர் போன்ற பண்டங்களின்மேல் கலால் வரியும் வந்தது. இருபது ஷில்லிங்கை எதிர்த்த கட்சி இதை விதித்ததே என்று அரச ஆதரவாளர்கள் எள்ளி நகையாடியதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஹாம்டனின் தரப்பிலிருந்து கிடைக்கக்கூடிய ஒரே விடை, இந்த வரிக்குச் சபை ஒப்புக்கொண்டது, அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதே. அது போதுமான விடையா என்பது வரியைக் கட்டியவர் சபையில் யாரைத் தம் ஆளாகக் கருதினார் என்பதைப் பொறுத்தது.

இருந்தும் அந்தப் பெயர் கடல் கடந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின்மேல் வரி விதிப்பது பற்றி 1774-இல் நாடாளுமன்றத்தில் பேசிய எட்மண்ட் பர்க், இருபது ஷில்லிங் ஹாம்டனின் செல்வத்தை அழித்திருக்குமா, அழித்திராது, ஆனால் எந்த அடிப்படையில் கேட்கப்பட்டதோ அந்த அடிப்படையில் அதில் பாதியைக் கொடுத்திருந்தாலும் அவர் அடிமையாகியிருப்பார் என்றார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதி இந்தியர்கள் கட்டாயப் பதிவுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட 1906-இல், காந்தியும் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் ஹாம்டனை எடுத்துக்காட்டி எழுதினார். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் பெருமளவில் சிறை சென்றதை நினைத்தால், ஹாம்டனின் கதை நமக்கு முற்றிலும் அயலானதும் அல்ல.

தங்கள் இணைப்பைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் வெட்டியெடுத்துச் சேர்த்து வைப்பதை அறிவேன். ஆகவே, ஹாம்டன் பக்கிங்ஹாம்ஷயரின் செல்வந்த நிலக்கிழார், கப்பல் வரி வழக்கு அரசால் அவர்மீது நடத்தப்பட்டது, 1638-இல் ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகச் சென்றது, அதை நாடாளுமன்றம் 1641-இல் ரத்து செய்தது என்னும் திருத்தத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மன்னார்குடி.